ஐஸ் பெட்டிக்குள் ஒரு கும்பிடுபூச்சி

சூரியநெல்லியில் விடிவதற்கு வெகுநேரம் முன்பே ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். கொழுக்குமலை இருப்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், ஆனால் ஜீப் ஏறுவது கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். கிட்டத்தட்ட 8,000 அடி உயரத்துத் தேயிலைத் தோட்டத்தில் நின்று சூரியன் எழுவதைப் பார்க்க வந்தவர்கள் கம்பளிக்குள் சுருண்டு ஏறிப் போனதும் ஊர் ஒருமுறை அடங்கும். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் அடுப்புப் புகை எழும். கொழுந்தெடுக்கப் பெண்கள் இறங்கி வர இன்னும் நேரமிருக்கும்.

அப்படி ஒரு காலையில், தோட்டத்து ஓரத்தில் கிராண்டிஸ் யூகலிப்டஸ் மரங்கள் தொடங்கும் இடத்தில், நான்கு பேர் முக்காலி விரித்து நின்றதைப் பார்த்தோம். விலை உயர்ந்த கேமராக்கள், நீண்ட மேக்ரோ லென்சுகள், வெளிச்சத்தை மென்மையாக்கும் வெள்ளைக் குடைகள். பூச்சிகளைப் படமெடுக்கிறார்கள் என்று தெரிந்து ஆசையோடு பக்கத்தில் போனோம். தரையில் ஒரு ஐஸ் பெட்டி இருந்தது. டீ பிளாஸ்க் வைக்கக் கொண்டுவந்தது என்றுதான் முதலில் நினைத்தோம்.

பெட்டிக்குள் நாலைந்து பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒன்றைத் திறந்து சாமணத்தால் ஒரு கும்பிடுபூச்சியை வெளியே எடுத்தார் ஒருவர். பச்சை நிறம், நடுவிரல் நீளம். குளிரில் விறைத்து முன்னங்கால்கள் மார்போடு ஒட்டிக் கிடந்தன. உணர்கொம்புகள் நனைந்த நூல் போலப் பின்னால் படிந்திருந்தன. அதை ஒரு பூங்கொத்தின் மேல் நிறுத்தினார்கள். அது நிற்கவில்லை, சரிந்தது. பின்னங்கால் நுனியில் ஒரு துளி பசை தொட்டு மறுபடி நிறுத்தினார்கள். இன்னொரு டப்பாவிலிருந்து ஒரு வண்ணத்துப்பூச்சி வந்தது. அதற்கு அசைவே இல்லை. முன்னங்கால்களை ஊசி முனையால் பிரித்து, வண்ணத்துப்பூச்சியை அதற்குள் செருகினார்கள். தலைமுடிக்குத் தண்ணீர் அடிக்கும் சிறிய ஸ்பிரேயரால் இரண்டு முறை அடித்ததும் பனித்துளியும் வந்துவிட்டது. பிறகு கேமரா ஓடியது, நாற்பது ஐம்பது படங்கள்.

வெயில் பட்டுக் கும்பிடுபூச்சியின் தலை மெல்லத் திரும்பியது. பசையில் மாட்டிய காலை இழுத்துப் பார்த்தது. “முழிச்சிருச்சு, உள்ள வை. இன்னும் ரெண்டு செட் இருக்கு” என்றார் ஒருவர். அது மறுபடி டப்பாவுக்குள் போனது. கால் நுனி ஒன்று பூவிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

பக்கத்தில் லயத்துப் பையன் ஒருவன் நின்றிருந்தான், பதினான்கு பதினைந்து வயதிருக்கும். பூச்சி பிடித்துக் கொடுத்தவன் அவன்தான். “நேத்து குடுத்தது பச்சை தம்பி. காய்ஞ்ச இலை கலர்ல ஒண்ணு கிடைக்குமா?” என்று கேட்டார்கள். “கிடைக்கும்ணே, அந்தக் கிராண்டிஸ் பட்டையில இருக்கும்” என்றான். ஒரு பூச்சிக்கு நூறு ரூபாய்.

இந்தப் படங்கள் எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். ‘காட்டில் ஒரு வேட்டை’ என்ற தலைப்போடு வலைத்தளங்களிலும், போட்டிகளிலும், சில சமயம் பத்திரிகை அட்டைகளிலும் வரும். ஆயிரக்கணக்கானோர் வியப்பார்கள். நாமும் இத்தனை காலம் வியந்தவர்கள்தான். அதனால் இதைச் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. குளிரூட்டி, ஒட்டி, இரை செருகி எடுத்த படத்தைக் காட்டில் எடுத்த படம் என்று சொல்வது குற்றம். அது உயிருக்குச் செய்யும் கொடுமை, பார்ப்பவரிடம் சொல்லும் பொய். இரண்டில் ஒன்று இருந்தாலே மன்னிக்க முடியாது. இங்கே இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

இந்தப் பழக்கம் ஏன் வந்தது என்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. பூச்சியை அதன் உண்மையான அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ படமெடுக்கும்போது, தெளிவாக விழும் பகுதியின் ஆழம் ஓரிரு மில்லிமீட்டர்தான். கண் தெளிந்தால் கால் மங்கும், கால் தெளிந்தால் கொம்பு மங்கும். அதனால் கவனப்புள்ளியை மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, கணினியில் ஒன்றாக அடுக்குகிறார்கள். அருமையான முறைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அத்தனை படமும் முடியும்வரை பூச்சி அசையக் கூடாது. உயிருள்ள பூச்சி அசையும். அங்கேதான் ஐஸ் பெட்டி நுழைகிறது.

வேட்டைப்பூச்சி என்றால் அது அசையும் விதத்தில்தான் அதன் உயிரே இருக்கிறது. கும்பிடுபூச்சி இரைக்காக மணிக்கணக்கில் காத்திருக்கும். இரை வந்ததும் உடலை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டும். காற்றில் ஆடும் இலை மாதிரி தெரியும் அந்த அசைவு, தூரத்தை அளக்க அதற்கு உதவுகிறது. பிறகு கண் இமைப்பதற்குள் முன்னங்கால் பாய்ந்து மடங்கிவிடும். நாம் பக்கத்தில் போனால் முக்கோணத் தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கும். கண்ணுக்குள் ஒரு கரும்புள்ளி நாம் நகரும் பக்கமெல்லாம் நகர்வது போலத் தோன்றும். விறைத்துப் போன பூச்சியிடம் இதில் எதுவும் கிடையாது. பார்க்கப் பழகிய கண்ணுக்கு அது பிணம்போலத்தான் தெரியும். கொம்பு தளர்ந்திருக்கும், கால்கள் உடலின் எடையைத் தாங்காமல் வெறுமே பூவைத் தொட்டுக்கொண்டிருக்கும். இரையை நடுவில் கவ்வ வேண்டிய முன்னங்கால் அதன் இறக்கை ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். வேட்டையாடியைக் காட்டுகிறேன் என்று சொல்லி, வேட்டையாட முடியாமல் கிடக்கும் ஓர் உடலைக் காட்டுகிறார்கள்.

மற்ற வேட்டைப்பூச்சிகளும் இப்படித்தான். புலிவண்டு இரையைத் துரத்தி ஓடும் வேகத்தில் அதன் கண்களுக்கு எதுவும் தெரியாமல் போய்விடுகிறது. அதனால் ஓடும், நிற்கும், பார்க்கும், மறுபடி ஓடும். அந்த ஓட்டமும் நிறுத்தமும்தான் புலிவண்டு. கொள்ளை ஈ பறக்கும் பூச்சியை நடுவானிலேயே பிடித்து, எச்சிலைச் செலுத்தி மடக்கிவிட்டு, ஒரு குச்சியில் வந்து உட்கார்ந்து உறிஞ்சும். ஒரே குச்சிக்கே திரும்பத் திரும்ப வரும். அந்தக் குச்சியைக் கண்டுபிடித்துவிட்டால் கேமராக்காரர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்தால் போதும். அதைப் பிடிக்கவோ குளிரூட்டவோ எந்தத் தேவையும் இல்லை.

சூரியநெல்லி மாதிரி ஓர் இடத்தில் ஐஸ் பெட்டி தேவைப்படுகிறது என்பதுதான் நம்மை அதிகம் வருத்துகிறது. இந்த மலையே குளிரூட்டும் பெட்டிதானே! ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தின் ஓரப் புல்லில் டிசம்பர், ஜனவரி மாதக் காலைகளில் தட்டான்கள் உறங்கும் காட்சியைக் கண்டவர் மறக்க மாட்டார். ஒவ்வொரு புல் நுனியிலும் ஒன்று தொங்கும். இறக்கைகளில், கால் மயிர்களில், பெரிய கூட்டுக்கண்களின் மேல்கூடப் பனி முத்து முத்தாக நிற்கும். அவற்றால் பறக்க முடியாது, பறப்பதற்கான தசைகள் சூடேற வேண்டும். வெயில் மலைமுகட்டைத் தாண்டி விழுந்ததும் ஒன்று இறக்கையை நடுக்கத் தொடங்கும், குளிரில் நம் பல் தந்தியடிப்பது மாதிரி. பனி உதிரும். சற்று நேரத்தில் புல் காலியாகிவிடும். அதற்கு முன் படமெடுப்பவருக்கு மலை ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் தருகிறது. எத்தனை படம் வேண்டுமானாலும் அடுக்கிக்கொள்ளலாம். யாரும் எதையும் ஒட்ட வேண்டியதில்லை. நான்கு மணிக்கு எழுந்து, முழங்காலில் ஈரப்புல்லில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். (யானை நடமாடும் இடம் அது. உள்ளூர்க்காரர் ஒருவரின் துணையில்லாமல் இருட்டில் இறங்கக் கூடாது.)

அந்த நேரத்தில் தட்டானால் நம்மிடமிருந்து தப்பவும் முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நாம் தொடக்கூடாது என்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் என்ன வேண்டும்?

சட்டை உரிக்கும் கும்பிடுபூச்சியை ஒருமுறை கிட்டத்தில் பார்க்கும் பேறு நமக்குக் கிடைத்தது. வளரும் பருவத்தில் பல தடவை அது தோலை உரிக்கும். ஒரு கிளையின் அடிப்பக்கத்தைப் பின்னங்கால்களால் பற்றித் தலைகீழாகத் தொங்கும். முதுகு மெல்ல வெடிக்கும். அந்த வெடிப்பின் வழியே புது உடல் வெளிறிய பச்சையில், ஈர மெழுகு போலக் கீழ்நோக்கி நழுவி வரும். கொம்புகளை உருவும்போது நூலைப் பிரித்தெடுப்பது போல அத்தனை நிதானம். கால்கள் எல்லாம் வெளியே வந்த பிறகு, பழைய தோலிலேயே தொங்கியபடி சும்மா இருக்கும். அந்தக் கால்களால் அப்போது எதையும் பிடிக்க முடியாது, அவை இன்னும் இறுகவில்லை. அந்த நிலையில் கிளை அசைந்து கீழே விழுந்தால் கால்கள் வளைந்தபடியே இறுகிவிடும். வளைந்த முன்னங்காலோடு அதனால் வேட்டையாட முடியாது. வேட்டையாட முடியாவிட்டால் சாவுதான். நாம் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னணி இருட்டாக இருக்கிறது என்று ஒருவர் கிளையை வெளிச்சத்துக்குத் திருப்பக் கை நீட்டினார். அவரைத் தடுக்க ஒரு கணம்தான் கிடைத்தது. அவர் கெட்டவரல்ல, அவருக்கு அது தெரியாது, அவ்வளவுதான். ஐஸ் பெட்டிக்காரரையும் இவரையும் ஒரே தட்டில் வைக்க மாட்டோம். ஆனால் ஓர் உயிரைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளாமல் அதன் ஒரு சாண் தூரத்துக்குள் லென்சை நீட்டுவதும் பொறுப்பின்மைதான். பின்னணி சுத்தமாக வேண்டும் என்று சுற்றி இருக்கும் இலைகளைக் கத்தரிப்பதும் அப்படியே. அந்த இலைதான் பறவையின் கண்ணிலிருந்து அதை மறைத்து வைத்திருந்தது.

சின்ன வயதில் தட்டானின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டவர்கள் நம்மில் பலர். குழியானையின் மணற்குழியில் புல் நுனியால் கிளறி, அது மேலே வந்ததும் உள்ளங்கையில் எடுத்து வைத்துப் பார்த்தவர்கள். அதை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. யாராவது ஒரு பாட்டி பார்த்து, “பாவம்டா, விடுடா அத” என்று அதட்டியிருப்பார். அந்த அதட்டலில்தான் நாம் வளர்ந்தோம். பத்து வயதில் நிறுத்திய அந்த விளையாட்டை நாற்பது வயதில் பசையும் ஐஸுமாகத் தொடங்குகிறவர்களுக்கும் அதே அதட்டல்தான் பதில்.

எதிர்வாதங்கள் உண்டு. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பூச்சிக்கு வலி தெரியுமா என்று கேட்கிறார்கள். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் லார்ஸ் சிட்காவின் ஆய்வுக்குழு, பம்பிள் தேனீக்கள் எந்தப் பரிசும் இல்லாமலே சின்ன மரப்பந்துகளை மீண்டும் மீண்டும் உருட்டுவதை 2022-ல் வெளியிட்டது. அதை விளையாட்டு என்று சொல்லலாமா என்று அறிவியல் தயக்கத்தோடு கேட்கத் தொடங்கியிருக்கிறது. பூச்சிகள் எதை உணர்கின்றன என்பதில் இறுதி விடை இன்னும் வரவில்லை. விடை வராத இடத்தில் துன்புறுத்த உரிமை இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதை நாம் ஏற்க மாட்டோம்.

“அறிவியலாளர்களும் பூச்சியைப் பிடிக்கிறார்களே” என்பது அடுத்தது. பிடிக்கிறார்கள். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஜென்னி ரீடின் குழு, கும்பிடுபூச்சிக்கு ஆழம் தெரிகிறதா என்று அறிய அதன் முகத்தில் தேன்மெழுகால் சின்னஞ்சிறு கண்ணாடி ஒட்டி, திரையில் முப்பரிமாணப் படம் காட்டிச் சோதித்தது. 2016-ல் முடிவு வந்தது. ஆழத்தை அறியும் பார்வை அதற்கு உண்டு என்று அது உறுதி செய்தது. அவர்களும் ஒட்டத்தான் ஒட்டினார்கள். ஆனால் எதை, எதற்காக, எப்படிச் செய்தோம் என்பதை ஒளிக்காமல் எழுதி வைத்தார்கள். ஆய்வுக்கூடத்தில் எடுத்த படத்தைச் சூரியநெல்லிக் காட்டில் எடுத்தது என்று சொல்லவில்லை. வளர்ப்புப் பூச்சியை வீட்டில் வைத்துப் படமெடுத்து, வளர்ப்புப் பூச்சி என்று எழுதிப் போடுகிறவர்களோடு நமக்குச் சண்டையே இல்லை.

மூன்றாவது வாதம்தான் கனமானது. தேயிலைக் கொசுவுக்கும் சிவப்புச் சிலந்திக்கும் தோட்டங்களில் மருந்தடிக்கிறார்கள். பக்கத்து ஏலத்தோட்டங்களில் மருந்தின் நெடி சாலையில் போகிறவர் மூக்கிலேயே ஏறும். கொழுந்தைக் கெடுக்கும் பூச்சியோடு, அதைத் தின்ன வந்த கும்பிடுபூச்சியும் பொறிவண்டும் தட்டானும் சேர்ந்தே சாகின்றன. “அங்கே கணக்கில்லாமல் சாகும்போது இங்கே ஒன்றுக்காக இத்தனை கூச்சலா?” என்கிறார்கள். அந்த மருந்தைப் பற்றி நாம் எழுதத்தான் வேண்டும், எழுதியும் வருகிறோம். மருந்து டாங்கை முதுகில் சுமக்கும் தொழிலாளியின் நுரையீரலில் தொடங்க வேண்டிய பேச்சு அது. ஆனால் அந்தத் தொழிலாளி கூலிக்குச் சொன்னதைச் செய்கிறார், வேறு வழி இல்லாதவர். ஐஸ் பெட்டியோடு வருகிறவர் தன் சொந்த விருப்பத்தில், விடுமுறை நாளில், இயற்கையை நேசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வருகிறார். நேசம் என்ற சொல்லை எடுத்தவரிடம் நேசத்தின் கணக்கைத்தான் கேட்போம்.

இந்தக் கேமரா ஏமாற்று நேற்று தொடங்கியதல்ல. லிதுவேனியாவின் கவுனஸ் நகர அருங்காட்சியகத்தில் பணியாற்றிய விளாதிஸ்லாவ் ஸ்டாரெவிச், 1910-ல் மான்கொம்பு வண்டுகளின் சண்டையைப் படமாக்க முயன்றார். இரவில் நடமாடும் அந்த வண்டுகள் விளக்கு வெளிச்சத்தில் அசையாமல் கிடந்தன. அவர் செத்த வண்டுகளின் கால்களுக்குப் பதில் கம்பி பொருத்தி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படமெடுத்தார். பொம்மலாட்டச் சினிமா என்ற கலையே அந்த முயற்சியில் செழித்தது. அது கலை, ஏனென்றால் அது பிறகு கதையாகவே காட்டப்பட்டது. காட்டின் உண்மை என்று சொல்லி விற்றபோது விளைவு வேறாக இருந்தது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் முதற்பரிசு பெற்ற, வேலி தாண்டும் ஓநாயின் படத்துக்கு, அது பழக்கிய ஓநாயாக இருக்கக்கூடும் என்று 2010-ல் பரிசு பறிக்கப்பட்டது. அதே போட்டியில் 2017-ல் விருது பெற்ற ஒரு படத்தில் இரவில் கரையான் புற்றை நோக்கி வரும் எறும்புதின்னி இருந்தது. 2018-ல் ஆராய்ந்த நிபுணர்கள், அது பாடம் செய்து வைத்த எறும்புதின்னி என்ற முடிவுக்கு வந்தார்கள். எடுத்தவர் மறுத்தார். விருது போனது. எறும்புதின்னிக்கு உலகமே விழித்துக்கொண்டது. கும்பிடுபூச்சிக்கு எந்த நடுவர் விழிப்பார்?

பெரிய விலங்கு என்றால் கவனம் வருகிறது, இதை இந்தப் பகுதி மக்களே அறிவார்கள். சின்னக்கானல் பக்கத்தில் நடமாடிய அரிக்கொம்பன் யானையை 2023 ஏப்ரல் 29-ல் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விட்டார்கள். அது மலையிறங்கிக் கம்பம் நகருக்குள் வந்தபோது கைப்பேசியோடு கூட்டம் துரத்தியது. ட்ரோன் பறக்கவிட்டவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. யானையைப் படத்துக்காக மிரட்டக் கூடாது என்று அப்போது ஊரே பேசியது.

2022-ல் சாந்தன்பாறைப் பக்கத்துக் கள்ளிப்பாறையில் நீலக்குறிஞ்சி பூத்தபோது படமெடுக்க வந்த கூட்டத்தின் கால்பட்டே பூக்கள் மடிந்தன. பறித்துத் தலையில் சூடிப் படமெடுத்தவர்களும் உண்டு. இன்று நீலக்குறிஞ்சி, காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் பாதுகாக்கப்பட்ட தாவரம். பறிப்பது தண்டனைக்குரிய குற்றம். அந்தப் பூவில் உட்கார்ந்திருக்கும் கும்பிடுபூச்சிக்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை. வண்ணத்துப்பூச்சிகள் பல அட்டவணையில் உண்டு. ஆகவே அந்தக் காலையில் இரையாகச் செருகப்பட்ட வண்ணத்துப்பூச்சி எந்த இனம் என்பதைப் பொறுத்து, அது சட்டப்படியே குற்றமாகவும் இருந்திருக்கலாம். அந்த நால்வருக்கும் இது தெரிந்திருக்குமா என்பது சந்தேகமே.

அதே சட்டத்தில் 2022-ல் வந்த திருத்தத்தில் ஒரு நல்ல வரி இருக்கிறது. சரணாலயத்துக்குள் படமெடுக்க அனுமதி பெறுகிறவர், வாழிடத்தை மாற்றாமலும் வாழிடத்துக்கோ உயிர்களுக்கோ கேடு விளைவிக்காமலும் எடுக்க வேண்டும் என்பது அதன் பொருள். மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்காவுக்குள்ளும் இதுதான் நியாயம். ஆனால் தேயிலைத் தோட்டத்து ஓரம் சரணாலயம் இல்லை. அங்கே சட்டம் நிற்கும் இடத்தில் மனிதர் நிற்க வேண்டியிருக்கிறது.

பூச்சி விஷயத்தில் சட்டம் தூங்கவே செய்கிறது என்றும் சொல்ல முடியாது. 2008-ல் மேற்கு வங்கத்தின் சிங்காலிலா தேசியப் பூங்காவில் அனுமதியின்றிப் பூச்சிகள் சேகரித்த செக் நாட்டவர் இருவர் பிடிபட்டுத் தண்டிக்கப்பட்டார்கள். இலங்கையின் யால தேசியப் பூங்காவில் 2020-ல் நூற்றுக்கணக்கான பூச்சிகளைக் குப்பிகளில் அடைத்து வைத்திருந்த இத்தாலியர் இருவருக்கு 2024 செப்டம்பரில் கொழும்பு நீதிமன்றம் 6 கோடி இலங்கை ரூபாய் அபராதம் விதித்தது. குப்பியில் அடைத்தவருக்கு 6 கோடி அபராதம், டப்பாவில் அடைத்துப் பசை ஒட்டியவருக்குப் பரிசுக் கோப்பை. இந்த நிலை தொடரக் கூடாது.

ஜோடித்த படம் செய்யும் இன்னொரு கேட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் போன்ற தளங்களில் சாதாரண மக்கள் ஏற்றும் படங்களிலிருந்துதான் எந்தப் பூச்சி எந்தச் செடியில், எந்த உயரத்தில், எந்த மாதத்தில் வாழ்கிறது என்று ஆய்வாளர்கள் இன்று நிறையக் கற்கிறார்கள். பூச்சியைக் கொன்று ஊசியில் குத்தி வைக்காமலே அறிவைச் சேர்க்க வழி திறந்திருக்கிறது. கேமரா இந்த நூற்றாண்டில் பூச்சிகளுக்குச் செய்த பெரிய நன்மை அது. கிராண்டிஸ் பட்டையில் பிடித்த பூச்சியைக் குறிஞ்சிப் பூவில் வைத்து எடுத்த ஒரு படம் அதற்குள் நுழைந்தால், அது ஒரு பொய்ப் பதிவாக நிலைத்துவிடும். அந்தப் பூச்சி அந்தப் பூவை வாழ்நாளில் கண்டதே இல்லை.

இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் போன்ற ஒருவர் நம் மொழியில் எழுதிய மண் இது. எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன் அவர். பல பாகங்களைச் சேர்த்துத் தானே ஒட்டுப்போட்ட ஒரு கேமராவோடு காடு காடாக நடந்தார், யானை மேல் ஏறிப் போனார். கறுப்பு வெள்ளையிலேயே கடைசிவரை எடுத்தார். அவர் காத்திருந்த பொழுதுகளில் பாதிக்குக்கூட இன்று நம்மிடம் பொறுமை இல்லை. கருவி மட்டும் நூறு மடங்கு உயர்ந்திருக்கிறது.

ஆகவே யார் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறோம். போட்டி நடத்துகிறவர்கள், பூச்சிப் படத்துக்கு முதல் பிரேமிலிருந்து கடைசி பிரேம்வரை திருத்தாத கோப்புகளைக் கேட்க வேண்டும். வேட்டைக் காட்சியில் அசைவில்லாத ஐம்பது பிரேம்கள் தாமே கதையைச் சொல்லிவிடும். நடுவர் குழுவில் பூச்சியியல் அறிந்த ஒருவராவது இருக்க வேண்டும். அதற்கு எந்தச் செலவும் இல்லை. பயிற்சி முகாம் நடத்துகிறவர்கள்தான் இதில் முதல் குற்றவாளிகள். கட்டணம் வாங்கிக்கொண்டு ‘நிச்சயம் படம் கிடைக்கும்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அதைக் காப்பாற்ற ஐஸ் பெட்டி தூக்குகிறார்கள். காடு எதற்கும் வாக்குக் கொடுப்பதில்லை. அதைச் சொல்லிக்கொடுக்காத முகாம் வேறு எதையும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பத்திரிகைகளும், எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம், எங்கே, எப்படி எடுத்தது என்று எடுத்தவரிடம் எழுதி வாங்காமல் ஒரு பூச்சிப் படமும் இனி அச்சிடக் கூடாது. இந்த இதழில் இன்றிலிருந்து அதுதான் விதி.

சூரியநெல்லியின் விடுதிக்காரர்களுக்கும் ஜீப் ஓட்டுநர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது வெளியூர்க்காரர் ஒருவருக்கும் தெரியாது. எந்தப் பட்டையில் எந்த நிறப் பூச்சி இருக்கும், எந்த ஓடையில் தட்டான் முட்டையிடும், எந்த வேலியில் குளவி கூடு கட்டும் என்று அவர்கள் விரல் நீட்டிக் காட்டுவார்கள். அந்த அறிவுக்குக் கூலி கொடுங்கள். பூச்சியைப் பிடித்துக் கொடுக்க நூறு என்றால், இருக்கும் இடத்தைக் காட்ட, தொடாமல் காட்ட, முந்நூறு கொடுக்கலாம். அது அவர்களுக்கு நியாயமான சம்பளம்.

அந்தப் பையனை மறுநாள் மாலை மறுபடி சந்தித்தோம். முதலில் முகம் கொடுக்கவில்லை. நேற்றைய பூச்சிகள் என்ன ஆயின என்று கேட்டதற்கு, “விட்டுட்டாங்கண்ணே” என்றான். கொஞ்சம் கழித்து, “ஒண்ணு நடக்கல” என்றான். பிறகு தானாகவே லயத்துக்குப் பின்னால் இருந்த முள்வேலிக்குக் கூட்டிப் போனான். ஒரு கல் தூணின் காற்றுப் படாத பக்கத்தில், விரல் கணு அளவில், காய்ந்த சோப்பு நுரை போல ஒன்று ஒட்டியிருந்தது. கும்பிடுபூச்சி முட்டைகளை நுரையில் பொதிந்து இறுக விடும் கூடு.

“இது எப்பண்ணே பொரிக்கும்?”

தெரியாது, வெயில் நன்றாக ஏற வேண்டும், ஒரு காலை நேரத்தில் குஞ்சுகள் நூலில் தொங்கிக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கும் என்றோம். பள்ளிக்கூடம் போகும் முன் தினமும் வந்து பார்ப்பதாகச் சொன்னான். வேலியில் கிடந்த ஒரு கிழிந்த சாக்கை எடுத்துக் கூட்டின் மேல் மூடப் போனவன், கையை இழுத்துக்கொண்டான். “வேணாம். அது இருந்த மாதிரியே இருக்கட்டும்” என்றான்.